ஷேடு

"உங்க ஷேடுக்கு நகை எடுபடாதும்மா. அப்புறம் கூப்பிடறோம்."

இன்று காலை ஒரு நகை விளம்பரத்துக்கான மாடல் தேர்வில் கேட்டது. சொன்னவர் பவுண்டேஷன் டப்பாவை என் மணிக்கட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். அவர்களிடம் இருந்ததிலேயே அடர்த்தியான நிறம் அது.

அதுவும் என்னைவிட வெளுப்பு.

கறுப்பு நிறத்தைக் குறையாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர கவுன்சில் 2014-லேயே சொல்லிவிட்டது. 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரையே மாற்றிக்கொண்டது. தேர்வறைக்குள் எதுவும் வந்து சேரவில்லை.

உயரம், வயது, நடை என்று வேறு எதற்காக வேண்டாம் என்றாலும் சரி, வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதுவிட்டு மறந்துவிடுவேன். இதை மட்டும் என் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தி.நகரில் சீட்டுக் கட்டித் தங்கம் வாங்கும் அக்காக்கள் எத்தனையோ பேர் என் நிறம்தான். அவர்கள் கழுத்தில் அந்த நகை நன்றாகவே எடுபடுகிறது.