தம்பி மலையில் இருக்கும் நாட்கள்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கச்சான் காற்று காலையிலேயே எழும்பி மணலை வாரி வாரி அடிக்கிறது. கொடியில் கிடந்த துணிகளை மறுபடி அலசிப் போட்டேன். கரையில் வல்லங்கள் எல்லாம் ஏற்றியே கிடக்கின்றன.

தம்பி கலிபோர்னியாவில் நடக்கப்போகும் மலைப்பாதையின் வரைபடத்தை அனுப்பிவிட்டான். நாளை இரவு நமக்கு எட்டரை மணி ஆகும்போது அவனுக்குக் காலை எட்டு. அப்போது நடக்கத் தொடங்குகிறார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஒன்பதாம் வகுப்புக்குச் சம உயரக் கோடுகள் நடத்தினேன். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு. வருடா வருடம் சொல்லும் பாடம்தான். அதைக் கண்ணால் காட்ட இந்தப் பக்கம் ஒரு குன்று கிடையாது. ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனால் கந்தமாதன பர்வதம் இருக்கிறது; அதுவும் மணல்மேடுதான். சின்ன வயதில் தம்பி அங்கே மண்டபத்தில் ராமர் பாதத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கியதும், "மலை எங்கே அக்கா?" என்று கேட்டான்.

அவன் அனுப்பிய படத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுத்துக் கிடக்கின்றன. கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலை, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா. ரோட்ஸ் எண்ட் என்ற இடத்தில் தார்ச்சாலை முடிகிறது. அங்கிருந்து புறப்பட்டு, ரே ஏரிகளைத் தொட்டு, கிளென் கணவாயைத் தாண்டி, மறுபக்கமாக இறங்கி அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். முழுச் சுற்று சுமார் 66 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போவதைவிடக் கூடுதல். புறப்படும் இடம் சுமார் 5,000 அடி. கணவாய் 11,978 அடி. நம் தொட்டபெட்டாவை விட அந்தக் கணவாய் ஆயிரம் மீட்டர் உயரம்.

பாதையைச் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கிறான். அது எனக்குச் சம்மதம். ஆயிரம் பேர் நடந்த பாதை, அனுமதிச்சீட்டு வாங்கிப் போகிற பாதை. ஆனால் கோட்டுக்கு வெளியே இரண்டு பெருக்கல் குறிகள் இருக்கின்றன. ஒன்று ஃபின் டோம், இன்னொன்று பெயின்டட் லேடி. இரண்டும் உச்சிகள். "இவற்றுக்குப் பாதை கிடையாது அக்கா, பார்த்துப் பார்த்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான்" என்று எழுதியிருக்கிறான். பார்த்துப் பார்த்து என்றால் எதைப் பார்த்து?

எட்டரை ஆயிற்று. அவன் கொண்டுபோகும் செயற்கைக்கோள் கருவி, அவன் நிற்கும் இடத்தை என் கைப்பேசி வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும். முதல் புள்ளி வந்துவிட்டது.

ஜூலை 19, சனி

காலை ஆறு மணிக்கே எழுந்து கைப்பேசியைப் பார்த்தேன். புள்ளி பாரடைஸ் பள்ளத்தாக்கில், ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. நல்லது.

அந்த ஆற்றைப் பற்றித்தான் நேற்று முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த பாலம் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மேலே பகல் முழுக்கப் பனி உருகுவதால் மாலையில் ஆறு ஏறும், விடிகாலையில் வடிந்திருக்கும். ஆகவே மாலையில் போய்ச் சேர்ந்தவர்கள் இக்கரையில் படுத்து மறுநாள் காலையில் கடப்பதே முறை. தண்ணீருக்கு நேரம் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா என்று சொல்லிக்கொண்டேன். அப்படியும் புள்ளி நின்றிருப்பதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

இரவு ஒன்பது மணி. கடந்துவிட்டார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

"ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, தம்பி கூப்பிடவில்லையா?" என்று அம்மா நாலு தரம் கேட்டுவிட்டார். வேலை அதிகம் என்றேன்.

உட்ஸ் கிரீக் தொங்கு பாலத்தைத் தாண்டிவிட்டான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் போகலாமாம்.

ஜூலை 21, திங்கள்

ரே ஏரிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொசு பிடுங்குகிறது என்று மட்டும் செய்தி. தலைவலி இருக்கிறதா, வாந்தி வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டு அனுப்பினேன். அந்த உயரத்தில் உடம்பு முரண்டினால் மருந்தைவிட இறங்கி வருவதுதான் வைத்தியம். பதில் இல்லை. தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். "சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் அண்ணி, பயப்படாதீர்கள்" என்றாள். நான் கரடியைக் கேட்கவே இல்லை.

இன்று இரவு அந்தப் பெருக்கல் குறி, பெயின்டட் லேடி.

அப்பா ஒரு முறை முள்ளித்தீவுக்கு அப்பால் வலை போடப் போனவர், வலையை நனைக்காமலே திரும்பி வந்தார். அன்று காற்று வழக்கத்துக்கு மாறாக ஒரு நொடி விழுந்து எழுந்ததாம். அவ்வளவுதான் காரணம். கூடப் போன வல்லங்கள் எல்லாம் அங்கேயே நின்றன. சாயங்காலம் பாரை மீனோடு வந்து சேர்ந்தன, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கரையில் நின்றவர்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். டீசல் கடன் வேறு. அப்பா பேசாமல் வலையைக் காயப் போட்டார். அடுத்த மாதமும் அதேபோல ஒரு நாள் திரும்பி வந்தார். அன்றும் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பாவுக்காக வெட்கப்பட்டேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று நினைத்தால், ஒன்றும் ஆகாத நாளிலும் திரும்பி வர மனம் வேண்டும் என்பதுதான் தோன்றுகிறது. தம்பி அப்போது கைப்பிள்ளை. இந்தக் கதை அவனுக்குத் தெரியாது.

அதை அனுப்ப உட்கார்ந்தேன். அந்தக் கருவிக்கு நீளமான செய்தி போகாது. வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது இதுதான்: "அப்பா வலை நனைக்காமல் திரும்பிய நாட்கள் உண்டு. நினைவில் வை. அக்கா." அனுப்பிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய், விடிகாலை 3 மணி

ஒன்பதரைக்குப் புள்ளி கோட்டை விட்டு இறங்கியது. பிறகு ஏரிக்குத் தெற்கே ஏறத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விரல்நகம் அளவு இடைவெளி, அதற்குள் கறுத்த கோடுகள். சரளைக்கல் சரிவு என்று போட்டிருந்தான். காலை வைத்தால் கல்லோடு வழுக்கும்.

அங்கே கோடையில் பிற்பகலானால் மேகம் திரண்டு இடி இறங்கும். அவனுடைய பிற்பகல் நமக்கு நடுநிசி. ஒரு மணிக்குப் புள்ளி நின்றுவிட்டது. ஒன்று பத்துக்கும் அதே இடம். ஒன்று இருபதுக்குப் புள்ளியே இல்லை. என் வீட்டுக்காரரை எழுப்பினேன். "வானம் மறைத்திருக்கும், வரும்" என்றார், ஆனால் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டே காலுக்குச் செய்தி: "மேகம். உச்சிக்குக் கொஞ்ச தூரம்தான். ஏறவில்லை. இறங்கிவிட்டோம்."

முற்றத்தில் போய் நின்றேன். அமாவாசை நெருங்கிய இருட்டு. பிள்ளை, நீ நன்றாக இரு.

ஜூலை 22, இரவு

மறுபடியும் போயிருக்கிறான்! விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு நான் பூக்கட்டிக்கொண்டிருக்கும்போதே புள்ளி சிவப்புக் கோட்டிலிருந்து விலகிவிட்டது. கோபத்தில் பூவை அப்படியே வைத்துவிட்டேன். நேற்று திரும்பியதற்காக அவ்வளவு பெருமைப்பட்டவள் நான்.

எட்டு நாற்பதுக்கு: "உச்சி. வானம் சுத்தம். எல்லா ஏரியும் தெரிகிறது."

12,000 அடிக்கு மேலே. படம் அனுப்ப அந்தக் கருவியில் வழியில்லையாம். பட்டை பட்டையாக நிறம் மாறும் பாறை என்று படித்திருக்கிறேன். காலையில் ஏறியது சரிதான், மேகம் சேர நேரமிருக்கிறது. சரிதான். ஆனாலும் இறங்கும் புள்ளிகளை எண்ணி முடிக்கும்வரை சோறு இறங்கவில்லை.

ஜூலை 23, புதன்

கிளென் கணவாய் தாண்டியாயிற்று. இனி இறக்கம். பள்ளியில் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. சேதுக்கரையில் இறங்க இடமில்லை. திருப்புல்லாணியிலிருந்தே பஸ்கள் நகராமல் நின்றன. சித்தப்பா மகன்தான் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அம்மா இடுப்பளவு நீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கச்சானில் அலை முகத்தில் அடித்தது.

"தம்பி அங்கே தர்ப்பணம் கொடுப்பானா? அவன் இருக்கிற ஊரில் தண்ணீர் உண்டா?"

"பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது அம்மா."

"எந்த ஆறு?"

ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பேசியை வாங்கிக்கொண்டார். சிவப்புக் கோட்டை மெதுவாக விரலால் நகர்த்திக்கொண்டே வந்தார். ஏரிக்குத் தெற்கே விரல் நின்றது.

"இங்கே எதற்குப் போனான்?"

"உச்சி அம்மா. ஏறிப் பார்க்க."

"வழி கோடு இந்தப் பக்கம் அல்லவா போகிறது?"

பிறகு பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "நீ எத்தனை நாளாகத் தூங்கவில்லை?"

ஜூலை 25, வெள்ளி

நள்ளிரவு ஒன்றரைக்குக் கூப்பிட்டான். ரோட்ஸ் எண்டிலிருந்து வண்டியில் இறங்கி, சிக்னல் கிடைத்த முதல் ஊரில் நின்று பேசுகிறான். முழங்கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம். என் செய்தியை எங்கே வைத்துப் படித்தான் தெரியுமா? உச்சிக்குக் கீழே, கருவியில் ஒன்று பத்துக்கு வந்ததாம். மேகத்தைப் பார்த்து ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தோம் அக்கா என்றான். எது முந்தியது என்று நான் கேட்கவில்லை.

அம்மா பேசமாட்டேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி வாங்கினார். முதல் கேள்வி, எள் தண்ணீர் இறைத்தாயா. எள் இல்லை அம்மா, ஆற்றில் நின்று மூன்று கை தண்ணீர் விட்டேன் என்றான். அம்மா வெகுநேரம் அவன் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபின் டோம் மிச்சமிருக்கிறதாம். அடுத்த கோடையில் என்று ஆரம்பித்தான். போனை வாங்கிக்கொண்டேன்.

படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. முதல் படத்தில் மூக்குத் தோல் உரிந்து தொங்குகிறது. தொப்பி என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.