வெற்று மாதிரி சுத்தமாக இருந்தால் போதுமா?

டிஎன்ஏ அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் தேடுவது பொருத்த விகிதத்தைத்தான், அதாவது தற்செயலாக வேறொருவருக்கும் அதே டிஎன்ஏ பொருந்தும் வாய்ப்பை. மெல்போர்னில் 2008-இல் தீர்ப்பான ஒரு பாலியல் வன்முறை வழக்கில் அது 80,000 கோடியில் ஒன்று. இரவு விடுதியில் மயங்கிக் கிடந்த பெண்ணுக்கு எதுவும் நினைவில்லை. நேரில் பார்த்தவர்களும் இல்லை. டிஎன்ஏவை மட்டும் நம்பி ஓர் இளைஞருக்கு 6 ஆண்டு சிறை விதித்தார்கள். 2009 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்தப் பெண்ணிடம் மாதிரி எடுத்த அதே மருத்துவர், அதே பரிசோதனை அறையில், சுமார் 28 மணி நேரம் முன்பு வேறொரு பெண்ணிடம் மாதிரி எடுத்திருந்தார். அதில் இருந்ததும் இந்த இளைஞரின் டிஎன்ஏதான். அது தொடர்பாக அவர்மீது வழக்கே இல்லை. அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றது ஓய்வுபெற்ற நீதிபதி பிராங்க் வின்சென்ட்டின் விசாரணை.

ஆய்வகத்தில் டிஎன்ஏ சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் வழக்கு மாதிரிகளோடு எல்லாப் படிகளிலும் ஓட்டுவார்கள். அதன் வரைபடத்தில் உச்சம் ஏதும் தெரியக்கூடாது. ஆனால் அது மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் மேசையிலோ கையுறையிலோ ஒட்டியது அதில் தெரியவே தெரியாது. “வெற்று மாதிரி சுத்தம்” என்று நிபுணர் சொன்னதும் குறுக்கு விசாரணையை முடித்துக்கொள்வது பெரிய தவறு.

ஒரு மனித செல்லில் இருப்பது சுமார் 6.6 பிக்கோகிராம் டிஎன்ஏ. டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் 28 சுற்று ஓடினால் ஒரு பிரதி, கணக்குப்படி, 26 கோடியைத் தாண்டும். 100 பிக்கோகிராமுக்குக் கீழே, அதாவது பதினைந்து செல் அளவில், சில அல்லீல்கள் (ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ வடிவங்கள்) விடுபடும், இல்லாதவை தலைகாட்டும். அளவு எவ்வளவு என்று கேட்காமல் விகிதத்தை மட்டும் வாதிடுவதில் பொருளில்லை.

மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியையும் நம்ப முடியாது. வழக்கமான கிருமிநீக்கம் நுண்ணுயிரைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. ஜெர்மனியில் பல குற்ற இடங்களில் ஒரே டிஎன்ஏ கிடைத்ததால் ஹைல்பிரான் ‘மர்மப் பெண்’ணைப் பல ஆண்டுகள் துரத்திவிட்டு, 2009-இல்தான் அது குச்சி தயாரிப்பில் வேலை பார்த்த ஒருவரின் டிஎன்ஏ என்று கண்டார்கள். 2016-இல் வந்த ஐஎஸ்ஓ 18385 தரம் இதற்காகத்தான். டிஎன்ஏவைச் சிதைக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் பதப்படுத்திய குச்சிகளும் கிடைக்கின்றன.

குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு கேட்டு வாங்க வேண்டியவை: அன்று அந்த அறைக்கு வந்தவர்களின் வரிசைப் பதிவு, மேசையை எதனால் துடைத்தார்கள், கையுறையை எப்போது மாற்றினார்கள், அதே தொகுதியின் உறை பிரிக்காத குச்சி ஒன்றைச் சோதித்தார்களா, மாதிரி எடுத்தவர் முதல் ஆய்வக ஊழியர்வரை எல்லாருடைய டிஎன்ஏவோடும் ஒப்பிட்டார்களா என்பவை. மெல்போர்னில் முதல் பதிவை விசாரணையின்போதே யாராவது புரட்டியிருந்தால் 28 மணி நேர இடைவெளி கண்ணில் பட்டிருக்கும்.