காயாத நெல்லும் நிர்ணய விலையும்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த வர்த்தமானி அறிவித்தலை நோக்கத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால், இலங்கையின் உணவுக் கொள்கைகளுள் மண்ணுக்கு மிக உகந்தது அதுவே என்று சொல்லிவிடலாம். அந்த ஆண்டு நவம்பரிலேயே அரசு அதைக் கைவிட நேர்ந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாரிமழையை நம்பி விதைக்கும் காலபோகப் பயிர் இளம் பருவத்தில் நின்ற மாதம் அது. இத்தனை வயலுக்கும் வேண்டிய சேதனப் பசளையை எந்த மாட்டுப் பட்டியிலிருந்து யார் ஏற்றிவருவது என்ற கேள்விக்கு அறிவித்தலில் விடை இருக்கவில்லை. போரில் மாடுகளைப் பெருமளவில் இழந்த வன்னியில் அது சிறிய கேள்வியல்ல.

ஆகவே, உணவுக் கொள்கை எதுவாயினும் அது எதற்குப் பணம் கொடுக்கிறது, எதைக் கமக்காரரின் தலையில் விட்டுவிடுகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

2025 பெப்ரவரியில் நெல் வகைகளுள் நாட்டு கிலோ 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா என அரசு கொள்வனவு விலையை அறிவித்தது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு எடுத்தது ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டாத நெல்லை. காலபோக அறுவடையோ தை, மாசி மாதங்களில், மழை முற்றாக விலகாத வேளையில் வருகிறது. அரிவி வெட்டி, சூடு வைத்து மிதித்த காலத்தில் நெல் காய்வதற்கு இடையில் நாட்கள் இருந்தன. இன்று இயந்திரம் சில மணித்தியாலங்களில் பச்சை நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. உலர்த்தும் தளம் இல்லாதவர் வீதியோரத்தில் படங்கு விரித்துக் காயவிடுகிறார். இயந்திரக் கூலியும் கடைக் கடனும் நெருக்குபவர், வெயிலுக்குக் காத்திராமல், ஈர நெல்லை வயற்கரையிலேயே வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுகிறார். நிர்ணய விலை உண்மையில் பயன்படுவது, காயவைக்க இடமும் காத்திருக்கப் பணமும் உள்ளவருக்குத்தான். உலர்த்தும் தளத்துக்கும் களஞ்சியத்துக்கும் செலவிடாத விலைக் கொள்கையை நான் அரைக் கொள்கை என்றே கணக்கெடுப்பேன்.

ஹெக்டேயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட பசளை மானியமும் நெல் வயலின் பரப்பைப் பார்த்தே வருகிறது, மண்ணின் நிலையைப் பார்த்து அல்ல. கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பதென்பது இரணைமடு போன்ற குளங்களின் நீர்மட்டத்தைக் கொண்டு கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகிறது. நீர் குறைந்த ஆண்டுகளில் உழுந்து, பயறு, கௌபி போன்றவற்றுக்குத் திரும்புவதே முறை; அவை குறைந்த நீரில் விளைவதோடு, வேர்முடிச்சுகளால் மண்ணில் நைதரசனையும் சேர்க்கின்றன, அதாவது பசளைச் செலவின் ஒரு பகுதியைத் தாமே குறைக்கின்றன. ஆனால் நெல்லுக்கு உள்ளதுபோல் நிரந்தரமான கொள்வனவு ஏற்பாடு அவற்றுக்கு இல்லை. உழுந்து இறக்குமதியை 2020இல் கட்டுப்படுத்தியபோது கடையில் விலை ஏறியது, வடையும் சிறுத்தது. ஆனால் இறக்குமதிக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாதவர் எந்தத் துணிவில் விதைப்பார்?

இவற்றை மதிப்பிடக் கொழும்பிலிருந்து ஆய்வாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கமக்கார அமைப்புகளே அறுவடை நாட்களில் ஒரு கொப்பியில் பதிந்துவரலாம்: விற்ற திகதி, நெல் ஈரமா காய்ந்ததா, கைக்கு வந்த விலை. மூன்று நிரல்கள் போதும். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகளின் முன் அதை விரித்து வைக்கலாம்.