பனியன் கம்பெனி வேலையோடு ஆறு மாத டி.பி. மாத்திரை: கூட வேலை பார்ப்பவர்கள் தாங்கும் இடங்கள்

காசநோய் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதை ஆறு மாதம் விடாமல் முடிக்கத் தேவையான மற்றதெல்லாம் வேலை செய்யும் இடத்தில்தான் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையோடு இதை முடித்த பிறகு, கூட இருந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. என்னென்ன செய்தார்கள் என்று எழுதினால் அடுத்தவருக்கும் ஆகும்.

வழக்கமான மருந்துக்கு அடங்கும் சாதாரண டி.பி.யாக இருந்தால், மாத்திரை தொடங்கிச் சுமார் இரண்டு வாரத்தில் அடுத்தவருக்குத் தொற்றுவது பெரிதும் குறைந்துவிடும். வேலைக்குத் திரும்பும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தட்டு, டம்ளர், தைத்த துணி வழியாக இது பரவாது, இருமும்போது காற்றில் பரவுகிறது. அதனால் தனி டம்ளர் வைப்பதில் மனவருத்தம்தான் மிச்சம். உருப்படியான உதவி, மெஷினை ஜன்னலோரம் மாற்றிக் கொடுத்து, ஃபேன் காற்று நோயாளியைக் கடந்து வெளியே போகும்படி திருப்பி வைப்பது. எங்கள் லைன் சூப்பர்வைசர் அதைத்தான் செய்தார். மதியம் எல்லோரும் ஒன்றாகவே சாப்பிட்டோம்.

பணத்துக்கு ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அக்காவைப் பிடிக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்கிற ஆறு மாதத்தில் 78 நாள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்த வேலையும் போதிய பிடித்தமும் உள்ளவருக்கு, டி.பி. என்பதால் நீட்டித்த உதவித்தொகை 80 சதவீதம். இழுபறி பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும்: டாக்டர் சர்டிஃபிகேட்டில் நடுவே நாள் விட்டுப்போவது, வங்கிக் கணக்குப் பெயரும் இ.எஸ்.ஐ. பெயரும் ஒத்துப்போகாதது. முதல் வாரமே யாராவது உட்கார்ந்து சரிபார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும். டி.பி. நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500.

பக்கவிளைவுகளைக் கண்டுபிடிப்பதில் பக்கத்து மெஷின்காரர் டாக்டருக்கு அடுத்தபடி. எடைக்கேற்ப மூன்று, நான்கு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்க வேண்டும். அதில் உள்ள மருந்துகளில் ரிஃபாம்பிசினால் சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். எத்தாம்புட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதித்துச் சிவப்பு, பச்சை வித்தியாசத்தை மங்கலாக்கும். செக்கிங் டேபிளில் ஷேடு பார்ப்பவருக்கு இது பீஸ் தவறாகப் போவதில் முதலில் தெரியலாம். திட்டாமல் "கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்று அனுப்புகிறவர் பார்வையையே காப்பாற்றுகிறார். ஐசோநியாசிட் சிலருக்குக் கால் விரலை மரக்க வைக்கும், டைலருக்கு பெடல் மிதிப்பதில் தெரியும். கூடவே தரும் வைட்டமின் பி6 மாத்திரை இதற்குத்தான். முதல் இரண்டு மாதம் தரும் பைரசினமைட் சிலருக்கு மூட்டு வலி தரும். கட்டிங், அயர்னிங் என்று நின்றே வேலை பார்ப்பவருக்கு அந்த இரண்டு மாதம் உட்கார்ந்து செய்யும் வேலை மாற்றிக் கொடுத்தால் பெரிய ஆறுதல். தொடர் வாந்தி, கண் மஞ்சள், சாப்பாடே இறங்காத நிலை என்றால் கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாத்திரை விட்டுப்போவது பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கு மேல்தான். இருமல் நின்று, எடை ஏறி, ஓவர்டைம் பார்க்கத் தெம்பு வந்திருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பவும், மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் வழி திறக்கும். மாத்திரை விடாமல் போடுவதைக் கவனிக்கும் சிகிச்சைத் துணையாளர் குடும்பத்தவராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. டீ பிரேக்கில் "மாத்திரை போட்டாச்சா?" என்று தினமும் கேட்கும் ஒரு தோழர் போதும். அந்தக் கேள்வி எரிச்சலூட்டும், அதைப் பொருட்படுத்தாமல் கேட்டவர்களுக்குத்தான் கடன் அதிகம்.

பக்கத்தில் உட்காருபவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவரும் சளி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பஞ்சுத் தூசி இருமல் என்று தள்ளிப்போடுவது எங்கள் தொழிலில் சகஜம். மருந்து முடிந்த பின்னும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அந்த அரை நாளுக்கு யார் மெஷினைப் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.