பையின் அடியில் இருந்தது

"எல்லார் முன்னாடியும் என் பையைக் கவிழ்த்தாங்கப்பா."

வகுப்பில் யாருடைய பணமோ காணோமாம். எல்லாப் பைகளையும் மேசை மேல் கொட்டியிருக்கிறார்கள். பணம் கிடைக்கவில்லை. மகளின் பையிலிருந்து விழுந்தது, கைக்குட்டையில் சுற்றி அடியில் ஒளித்து வைத்திருந்த நாப்கின்.

அவளே குனிந்து பொறுக்கியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளி சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யார் மேல் சந்தேகம், எதனால்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொன்னது: மாணவரைச் சோதிக்க நியாயமான காரணம் வேண்டும், வயதையும் பாலினத்தையும் தவறின் தன்மையையும் பார்த்து அளவோடு செய்ய வேண்டும். 2009இல், வலி மாத்திரை தேடி 13 வயது மாணவியின் உள்ளாடை வரை சோதித்தது அரசியலமைப்புக்கு எதிரானது என்றது அதே நீதிமன்றம்.

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவும் குழந்தைக்குத் தனியுரிமை உண்டு என்கிறது. குழந்தைக்கு! வளர்ந்து பெரியவளான பிறகுதான் என்றில்லை.

நாளை தலைமை ஆசிரியரைப் பார்க்கிறேன். சண்டைக்கு அல்ல. சோதிக்கத்தான் வேண்டுமென்றால் காரணம் சொல்லி, தனியாக, ஓர் ஆசிரியை மட்டும் பார்க்கட்டும் என்று கேட்க.

"நானும் வரட்டுமாப்பா?" என்றாள்.

சரி, வா என்றேன்.