காப்புக் கட்டிய இரண்டாம் இரவு

மாசி மாசம், காமன் கூத்து. காப்புக் கட்டினால் குடிக்கக்கூடாது. பதினேழு வருசம் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்த நான் அன்றோடு ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் இரவு எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் வலிப்பு வந்து விழுந்தேன். சாமிக் குத்தம் என்று வேப்பிலை அடித்தார்களாம். தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குத்தம் சாமிக்குச் செய்ததில்லை. நாள்பட்டுக் குடித்தவன் திடுமென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு புத்தி தடுமாறி உயிரே போகலாம். அதனால் நரம்பை அமைதிப்படுத்துகிற டயசிபாம் மருந்து தந்தார்கள். முதல் நாள் கூடுதலாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு கிழமையில் நிறுத்தினார்கள். கூடவே தயமின் (விட்டமின் பி1) ஊசி. சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தவர்களுக்கு அந்தச் சத்து வற்றிப்போயிருக்குமாம். வைத்தியர் சிங்களத்தில் பத்து நிமிசம் விளக்குவார். தாதி வழியாக எனக்கு வந்து சேருவது இரண்டு வரி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் குடு என்கிற ஹெரோயினில் மாட்டியவன். அவன் அம்மா போதைப் பழக்கத்துக்கு உதவி கேட்கிற 1927 என்ற நம்பருக்குப் போன் பண்ணி வழி கேட்டு வந்திருந்தார். குடுவுக்கு நால்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. ஆனால் 7 முதல் 10 நாளாவது குடு தொடாமல் இருந்த பிறகுதான் அதைத் தொடங்கலாம். முந்தினால் உடம்பு முறுக்கெடுத்து வாட்டிவிடும். விட்டவன் திரும்பப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம் என்று அந்தத் தாயிடம் இரண்டு தடவை சொன்னார்கள். ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) பழக்கத்துக்கு இப்படிக் கைகொடுக்கிற மாத்திரையே இல்லையாம். பேசிப் பழக்கத்தை மாற்றுவதுதான் வைத்தியம்.

எனக்கு வீட்டுக்குப் போகும்போது டைசல்பிரம் எழுதினார்கள். அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வரும். ஈரல் சோதனை பார்த்த பிறகுதான் தந்தார்கள். தினமும் காலையில் மனைவி கையால் அவள் பார்க்க விழுங்க வேண்டும். அவள் ஏற்கனவே ‘தெரியாமல் தேத்தண்ணியில் கலக்கிற மருந்து’ விசாரித்து வைத்திருந்தாள். அதைச் சொன்னதும் தாதி அதட்டினார்: “ஐயோ அம்மா, தெரியாம அவர் குடிச்சா நெஞ்சே நின்னுடும்!” மாமியாரின் அரிஷ்டமும் வேண்டாம், அதிலும் சாராயச் சத்து இருக்கிறது என்றார்கள்.

மாத்திரை பாதிதான். மாசம் இரண்டு தடவை பஸ் ஏறி ஆலோசகரிடம் போனேன். எப்போது ஆசை வருகிறது, யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் கவலைக்குக் குடித்தவன் இல்லை. சம்பளம் போடுகிற 10ஆம் திகதியும், கவ்வாத்து முடிந்து குளிரில் வருகிற நாலரை மணியும்தான் எனக்கு எமன். ஆசை வந்தால் அரை மணித்தியாலம் தள்ளிப்போடு, அலை மாதிரி ஏறி இறங்கிவிடும் என்றார். கூட்டாளி மாதிரி அவரே நடித்து, “ஒரு கிளாஸ் மச்சான்” என்று நீட்டுவார். நான் மறுக்கப் பழக வேண்டும். முதல் தடவை சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாம் தடவை “சரி, கொஞ்சம் ஊத்து” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

தீபாவளிக்கு வழுக்கினேன். ஐந்து நாள் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துத் துப்பிவிட்டு, தப்பிவிட்டேன் என்று நினைத்துக் குடித்தேன். அந்த மருந்து இரண்டு கிழமை வரை உடம்பில் நின்று வேலை செய்யுமாம். கோடிப்புறத்தில் செத்துப் பிழைத்தேன். ஆலோசகர் ஏசவில்லை. “முதல் மாத்திரையைத் துப்பின அன்றைக்கு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், அன்று மகனோடு சண்டை.

அது நடந்து இரண்டு வருசம். மாத்திரை நின்றுவிட்டது. சம்பளத்தை மனைவிதான் வாங்குகிறாள். 10ஆம் திகதி நான் கசிப்பு விற்கிற வீட்டுப் பக்கம் இறங்குவதில்லை, மேல்மலை ரோட்டால் சுற்றித்தான் வருகிறேன். கால் மணித்தியாலம் கூடுதல் நடை, அட்டைக் கடி வேறு.