ஸ்கைலாப் விழுந்த பக்கம்: பல்லடோனியாவில் ஒரு ராத்திரி

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குக் காரில் போகிறவர்கள் பல பேர் பல்லடோனியாவில் பெட்ரோல் போட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள்!

வழியில் நார்ஸ்மன் என்ற ஊரைத் தாண்டினால் சுமார் 190 கிலோமீட்டருக்கு ஊர் என்று எதுவும் கிடையாது. பல்லடோனியாவும் ஊர் இல்லை, ஒரு ரோட்ஹவுஸ்தான். பெட்ரோல் பங்க், சாப்பாடு, பார், அறைகள், கூடாரம் போட இடம் எல்லாம் ஒரே வளாகத்தில். அறை வாடகை எங்கள் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது, அதனால் கூடாரம். பெட்ரோல் விலையும் பகீரென்றது. ஆனால் பெட்ரோலிலிருந்து பாக்கெட் பால் வரை லாரியில் வர வேண்டிய இடம் இது, குறை சொல்ல மனம் வரவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் வாடகைக் கார் கொடுத்தவர்கள் மேல்தான். இருட்டிய பிறகு கங்காரு மோதினால் காப்பீடு செல்லாது, செலவு நம் தலையில். இதை வண்டி கொடுக்கும்போது வாய் திறந்து சொல்லவே இல்லை! ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

சாயங்காலம் வரை ஈக்கள் மூக்கிலும் கண்ணிலும் மொய்த்தன. இருட்டியதும் ஒன்றைக்கூடக் காணோம். அப்புறம் வந்தது பர்கர். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு. இறைச்சி, வதக்கிய வெங்காயம், பொரித்த முட்டை, நடுவே ஒரு வில்லை பீட்ரூட். அதன் சாறு ரொட்டியில் ஊறி, விரலெல்லாம் சிவப்பு. பீட்ரூட்டைப் பர்கரில் வைப்பது இந்த நாட்டு வழக்கம். விலை அதிகம்தான், ஆனாலும் இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை.

அங்கேயே சின்னதாக ஒரு அருங்காட்சியகம். 1979 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலாப் உடைந்து சிதறியது இந்தப் பக்கத்தில்தான்! நம் ஊரிலும் அன்றைக்கு அது தலையில் விழும் என்று நடுங்கியிருக்கிறார்கள், அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் நகராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. நாசா கட்டவில்லை. 2009இல் கலிபோர்னியா வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டினார். இதையெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று படிக்கும்போது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

காலையில் டாங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரத்திலேயே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை தொடங்குகிறது. அது முடிகிற கெய்குனாவைத் தாண்டியதும் அங்கத்திய நேரத்துக்கு ஏற்றபடி கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ள வேண்டும், மறந்துவிடாதீர்கள்.